9 இன்ச் ஆண்ட்ராய்டு கார் ஸ்டீரியோ ரிவ்யூ: பாட்டு இருக்கு, பூட்டு இல்ல

சென்னைல கார் சாமான் விக்கற ஜிபி ரோட்ல வாங்கி என் பழைய ஸ்விஃப்ட்ல மாட்டின ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ பத்தி எழுதுங்கன்னு நிறைய பேர் கேட்டுட்டே இருந்தீங்க. எந்த பிராண்டுன்னு மட்டும் கேக்காதீங்க, ஏன்னா பெட்டி மேல பிராண்டே கிடையாது. ஒரு கார் படம், பக்கத்துல "ஸ்மார்ட் கார் பிளேயர்", அவ்ளோதான். இதே போர்டு, இதே ஸ்க்ரீன் பத்து பதினஞ்சு பேர்ல ஆன்லைன்லயும் கிடைக்குது, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ஸ்டிக்கர ஒட்டி விக்கறாங்க. கடை பேரும் வேணாம், அவர் மேல தனியா கோவம் ஒண்ணும் இல்ல, அந்த ரோட்ல எந்தக் கடைக்குள்ள நுழைஞ்சாலும் இதே சரக்குதான்.

மொதல்ல நீங்க கேக்க வந்தத சொல்லிடறேன். 11 ஆயிரத்துல ஆரம்பிச்சு பேரம் பேசி ஃப்ரேம், கப்ளர், ரிவர்ஸ் கேமரா, மாட்டுற கூலி எல்லாம் சேத்து 9,500க்கு முடிஞ்சுது. வயர் எதையும் வெட்டல, கப்ளர்லயே மாட்டினாங்க, மாட்டின தம்பி கை ரொம்ப சுத்தம், டேஷ்போர்டுல ஒரு கீறல் இல்ல. 2 ஜிபி ரேம், 32 ஜிபி ஸ்டோரேஜ். ஸ்க்ரீன் ராத்திரில சூப்பர், மத்தியான வெயில்ல மூஞ்சிதான் தெரியும். வால்யூம் முக்கால் வரைக்கும் சவுண்டு நல்லா இருக்கு, அதுக்கு மேல பேஸ் உடையுது. ரிவர்ஸ் கேமரா கியர் போட்டதும் டக்குனு வருது, இந்த விலைக்கு அது ஒண்ணே போதும்னு எங்கப்பா சொல்றார். மைக் மட்டும் சுமார், போன்ல பேசுனா எதிர்ல இருக்கறவங்களுக்கு நாம ஏதோ கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி கேக்குதாம்.

இதோட நிறுத்தினா இது யூடியூப்ல இருக்கற எல்லா ரிவ்யூ மாதிரியும் ஆயிரும். யாரும் பாக்காத ஒரு விஷயத்த நான் பாத்தேன், சரியா சொல்லணும்னா என் ஃப்ரெண்ட் ஒருத்தன் பாத்தான், அவனுக்கு வேலையே ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனில செக்யூரிட்டி டெஸ்டிங். மகாபலிபுரம் போயிட்டு வரும்போது முன்சீட்ல உக்காந்துட்டு செட்டிங்ஸ நோண்டிட்டே வந்தான். "ஆண்ட்ராய்டு 13-ஆ? இந்த விலைக்கா?"ன்னு சிரிச்சான். செட்டிங்ஸ்ல பாத்தா ஆமா, கொட்டை எழுத்துல 13னு இருக்கு. அவன் ஹார்ட்வேர் விவரம் காட்டற ஒரு ஃப்ரீ ஆப்ப இறக்கி ஓப்பன் பண்ணான். ஏபிஐ லெவல் 29, அதாவது ஆண்ட்ராய்டு ஒவ்வொரு வெர்ஷனுக்கும் உள்ளுக்குள்ள வெச்சிருக்கற நம்பர். ஆண்ட்ராய்டு 13-ன்னா அது 33-ஆ இருக்கணும், 29-ன்னா ஆண்ட்ராய்டு 10. அதாவது உள்ள ஓடறது 2019-ல வந்த சாமான், மேல 13னு எழுதி வெச்சிருக்காங்க. ஆண்ட்ராய்டு 10-க்கு செக்யூரிட்டி பேட்ச் குடுக்கறத கூகுள் 2023-லயே நிறுத்திருச்சு. அதுக்கப்பறம் கண்டுபிடிச்ச ஓட்டை எதுவும் இதுல அடையாதுன்னு அர்த்தம். இது எனக்கு மட்டும் நடந்த கூத்து இல்ல, இந்த மாதிரி பேரில்லாத ஸ்டீரியோக்கள்ல வெர்ஷன் நம்பர ஏத்திக் காட்டறது ரொம்ப பழைய வித்தை.

சரி நம்பர்ல என்ன இருக்கு, பாட்டு பாடுதுல்லனு நான் விட்டுட்டேன். அவன் விடல. அடுத்த வாரம் லேப்டாப்போட வந்தான். என் போன் ஹாட்ஸ்பாட்ல ஸ்டீரியோவையும் லேப்டாப்பையும் சேத்தான், ஸ்டீரியோவோட ஐபி நம்பர போட்டு 5555-ங்கற போர்ட்ல (போர்ட்னா நெட்வொர்க்ல இருந்து உள்ள வர்ற கதவு மாதிரி) ஏடிபி கனெக்ட்டுனு ஒரு கமாண்ட் அடிச்சான், கம்ப்யூட்டர்ல இருந்து ஆண்ட்ராய்டுக்குள்ள போறதுக்கான வழி அது. நம்ம போன்ல இதப் பண்ணா மொதல்ல அந்த வசதியே ஆஃப்ல இருக்கும், ஆன் பண்ணாலும் "இந்தக் கம்ப்யூட்டர நம்பலாமா"ன்னு ஸ்க்ரீன்ல கேக்கும். இங்க ஒரு கேள்வி இல்ல, பாஸ்வேர்டு இல்ல, நேரா உள்ள. அதுவும் சாதாரண யூசரா இல்ல, ரூட்டா உள்ள போயிட்டான், அந்த கறுப்பு ஸ்க்ரீன்ல டாலர் குறி வர வேண்டிய எடத்துல ஹேஷ் குறி நிக்குது. ரூட்னா வீட்டுக்காரர். அதுக்கு மேல பர்மிஷன்னு ஒண்ணு கிடையாது.

உள்ள போயி அவன் காட்டினதுல ரெண்டு விஷயம். ஒண்ணு, இந்த சாஃப்ட்வேர் எந்த சாவில கையெழுத்து (இது எங்களோடதுதான்னு கம்பெனி வைக்கற டிஜிட்டல் முத்திரை) போட்டிருக்குன்னு பாத்தான், "டெஸ்ட் கீஸ்"னு வந்துச்சு. ஆண்ட்ராய்டு சோர்ஸ் கோடோட பழகறதுக்குன்னு சில மாதிரி சாவிங்க சேந்தே வரும், யார் வேணா இறக்கிக்கலாம், உலகத்துக்கே தெரிஞ்ச சாவி. விக்கற சாமானுக்கு கம்பெனி தன்னோட ரகசிய சாவியத்தான் போடணும். இவங்க மாதிரி சாவியவே போட்டு பெட்டில அடைச்சு அனுப்பிட்டாங்க. அதனால யாரோ ஒருத்தன் வீட்ல உக்காந்து ஒரு ஆப் எழுதி அதே சாவியில கையெழுத்து போட்டா, இந்த ஸ்டீரியோ அத சொந்த சிஸ்டம் ஆப்னு நினைச்சு எல்லா உரிமையும் குடுத்துரும்.

ரெண்டாவதுதான் எனக்கு சுருக்குனு இருந்துச்சு. ப்ளூடூத்ல போன சேத்தப்ப "கான்டாக்ட்ஸ் சிங்க் பண்ணலாமா"ன்னு கேட்டது, நாமளும் ஓகே குடுப்போம், ஸ்டியரிங் பட்டன்ல கால் பண்ண வசதியா இருக்கும்னு. அந்த கான்டாக்ட்ஸ் பூரா ஒரு ஃபைல்ல பச்சையா கெடக்குது. "அம்மா ஜியோ", "கேஸ் புக்கிங்", "பெரிய அத்தை கும்பகோணம்", "பேங்க் மேனேஜர் புதுசு", எல்லாம் வரிசையா, நம்பரோட. யாரு எப்ப கூப்ட்டா, எவ்ளோ நேரம் பேசினேன், அதுவும் இருக்கு. என் போன்ல இருந்து இத எடுக்கணும்னா கைரேகை வேணும், கார்ல இருந்து எடுக்க ஒரு கேபிள் போதும்.

அதோட ப்ளூடூத் பின் 0000, மாத்தறதுக்கு மெனுவே இல்ல, எப்பவும் எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரியே ஆன்ல இருக்கு. சிக்னல்ல நிக்கும்போது பக்கத்து ஆட்டோல இருக்கறவர் போன்ல தேடுனா என் வண்டி லிஸ்ட்ல வரும். ஆன் பண்ண ஒடனே அப்டேட் ஆப் ஒண்ணு எங்கயோ இருக்கற சர்வர்கிட்ட பேசுது, அதுவும் என்கிரிப்ஷன் எதுவும் இல்லாம வெறும் ஹெச்டிடிபி-ல. இவ்ளோ பேசியும் ஒரு அப்டேட் வந்ததா சரித்திரம் இல்ல.

கடைக்காரர்கிட்ட போயி கேட்டேன். "அப்டேட்டு எதுக்கு சார், நல்லா ஓடிட்டு இருக்குல்ல? அப்டேட் போட்டாதான் சார் ஹேங் ஆகும்"னார். அவர சொல்லி குத்தம் இல்ல, அவருக்கு சரக்கு தர்ற மொத்த வியாபாரிக்கே இத யாரு செஞ்சாங்கன்னு தெரியாது.

இங்க ஒரு கேள்வி வரும், ஸ்டீரியோதான, பாட்டு கேக்கற டப்பா, அத ஹேக் பண்ணி எவனுக்கு என்ன ஆகப்போகுதுன்னு. கார் கம்பெனிக்காரங்களும் ரொம்ப நாள் இப்டித்தான் நினைச்சிட்டு இருந்தாங்க, 2015 ஜூலை வரைக்கும். அமெரிக்கால சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக்னு ரெண்டு பேர், செயின்ட் லூயிஸ்ல மில்லர் வீட்ல உக்காந்துட்டு, பல மைல் தள்ளி ஹைவேல போயிட்டு இருந்த ஒரு ஜீப் செரோக்கிய லேப்டாப்ல இருந்தே ஆட்டி வெச்சாங்க. வண்டிய ஓட்டினது வயர்டு பத்திரிகை நிருபர் ஆண்டி கிரீன்பெர்க், ஹேக் பண்ணப் போறாங்கன்னு அவருக்குத் தெரியும், என்ன பண்ணுவாங்கன்னு தெரியாது. மொதல்ல ஏசி முழு வேகத்துல அடிச்சுது, அப்பறம் ரேடியோ அலறுச்சு, நிறுத்த முடியல, வைப்பர் ஓடி கண்ணாடில தண்ணி அடிச்சுது. கடைசில ஆக்சிலரேட்டர மிதிச்சா வண்டி நகரல, ஹைவே நடுவுல, பின்னாடி லாரி வந்துட்டு இருக்கு.

எப்டி உள்ள போனாங்கங்கறதுதான் நம்ம கதைக்கு முக்கியம். அந்த ஜீப்ல யூகனெக்ட்னு ஒரு ஸ்டீரியோ, உள்ளயே சிம் மாதிரி ஒரு செல்லுலார் கனெக்‌ஷன், ஸ்ப்ரின்ட் நெட்வொர்க்ல. அதுல 6667-ங்கற போர்ட் பாஸ்வேர்டே இல்லாம தொறந்து கெடந்துச்சு. அதே நெட்வொர்க்ல இருக்கற எவனும் எந்த ஊர்ல இருந்தும் தட்டலாம். சரி, ஸ்டீரியோக்குள்ள போயாச்சு, அதுக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம்? ஸ்டீரியோவோட மெயின் சிப் கார் நெட்வொர்க்ல நேரா இல்ல, நடுவுல வி850-ன்னு ஒரு சின்ன சிப் இருந்துச்சு, அது கேன் பஸ்ல, அதாவது காரோட பாகங்க தங்களுக்குள்ள பேசிக்கற வயர்ல, ஓடற மெசேஜ கேட்டுக்கும், கேக்கற வேல மட்டும்தான். ஆனா அந்த சின்ன சிப்போட சாஃப்ட்வேர ஸ்டீரியோ வழியாவே மாத்தி எழுத முடிஞ்சுது, கையெழுத்து செக் எதுவும் இல்ல. மாத்தி எழுதினாங்க, கேட்டுட்டு இருந்தது பேச ஆரம்பிச்சுருச்சு. குறைஞ்ச வேகத்துல போகும்போது பிரேக்கையும் வேலை செய்யாம பண்ணிக் காட்டினாங்க, வண்டி பள்ளத்துல இறங்குச்சு. ஜீப் செஞ்ச கம்பெனியான ஃபியட் கிரைஸ்லர் 14 லட்சம் வண்டிய ரீகால் பண்ணுச்சு, ஸ்ப்ரின்ட் அந்த போர்ட்ட நெட்வொர்க்லயே அடைச்சுது. ரீகால் எப்டின்னா, ஓனர் வீட்டுக்கு போஸ்ட்ல யூஎஸ்பி டிரைவ் அனுப்பினாங்க, நீங்களே சொருகிக்கோங்கன்னு! தபால்ல வர்ற யூஎஸ்பிய சொருகாதீங்கன்னுதான் ஆபீஸ்ல ட்ரெயினிங்கே குடுக்கறாங்க.

இதப் படிச்சுட்டு பயந்து ராத்திரியே ஸ்டீரியோவ கழட்ட வேணாம். என் ஸ்விஃப்ட்ல கேன் பஸ் வயரே ஸ்டீரியோவுக்கு வரல, ஸ்டியரிங் பட்டனுக்கு ரெண்டு வயர், ரிவர்ஸ் லைட்ல இருந்து ஒரு வயர், கரண்ட், ஸ்பீக்கர், அவ்ளோதான். எவனாவது உள்ள பூந்தாலும் என் பாட்ட மாத்தலாம், பேச்ச ஒட்டுக் கேக்கலாம், நான் எங்க இருக்கேன்னு ஜிபிஎஸ்ல பாக்கலாம், வண்டிய நிறுத்த முடியாது. ஆனா எல்லா வண்டியும் இப்டி இல்ல. என் மச்சான் போலோ வெச்சிருக்கார், அவருக்கு இதே மாதிரி ஸ்டீரியோ மாட்டினப்ப கூடவே தீப்பெட்டி சைஸ்ல கேன் பாக்ஸ்னு ஒண்ணு குடுத்தாங்க. கதவு தொறந்தா ஸ்க்ரீன்ல படம் வர்றது, ஸ்டியரிங் பட்டன் வேல செய்யறது, எல்லாம் அது வழியாத்தான். அது கார் நெட்வொர்க்ல நேரா போயி உக்காந்துக்குது. நேர்மையா கேக்கற வேல மட்டும் பாக்குதுன்னு நம்பிக்க வேண்டியதுதான், உள்ள என்ன சாஃப்ட்வேர் இருக்குன்னு யாரும் காட்டப்போறது இல்ல. மச்சான்கிட்ட சொன்னேன், "மாப்ள, கதவு படம் நல்லா இருக்கு மாப்ள"ன்னார்.

அப்ப கம்பெனி ஸ்டீரியோவே வாங்கிட்டா நிம்மதியான்னா, அங்கயும் கூத்து இருக்கு. 2021 மாடல் ஹூண்டாய் ஐயோனிக் வாங்கின ஒரு புரோகிராமர் தன் கார் ஸ்க்ரீன்ல சொந்தமா ஆப் போடணும்னு ஆசப்பட்டு 2022-ல தோண்டினார். அப்டேட் ஃபைல பூட்டி வெச்சிருந்த சாவிய கூகுள்ல தேடினார், கெடச்சுருச்சு! அமெரிக்க தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், என்கிரிப்ஷன் எப்டி பண்றதுன்னு விளக்கற ஆவணத்துல உதாரணத்துக்குப் போட்டிருந்த சாவிய அப்டியே எடுத்துப் போட்டிருக்காங்க. கையெழுத்து போடற சாவியும் ஏதோ ஒரு ஆன்லைன் பாடத்துல இருந்து சுட்டது. கணக்கு நோட்ல எடுத்துக்காட்டு கணக்கயே வீட்டுப்பாடமா எழுதிட்டு வந்த பையன் மாதிரி.

மாஸ்டா கதை இன்னும் தமாஷ். 2022 ஜனவரி கடைசில சியாட்டில் பக்கம் கேயூஓடபிள்யூ-ங்கற எஃப்எம் கேட்டுட்டு இருந்த 2014-லேந்து 2017 மாடல் வரைக்கும் உள்ள மாஸ்டா வண்டிங்க ஸ்டீரியோ செத்துப்போயி திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆக ஆரம்பிச்சுது. யாரும் ஹேக் பண்ணல. அங்கெல்லாம் எச்டி ரேடியோல பாட்டோட படமும் வரும், ஸ்டேஷன்காரங்க அனுப்பின படத்துக்கு ஃபைல் பேர்ல கடைசி எக்ஸ்டென்ஷன் விட்டுப்போச்சு. அத எப்டிப் படிக்கறதுன்னு தெரியாம ஸ்டீரியோ படுத்துருச்சு, ரேடியோவும் அதே ஸ்டேஷன்ல மாட்டிக்கிச்சு. தெரியாம வந்த ஒரு ஃபைலே இந்தப் பாடு படுத்துனா, தெரிஞ்சே அனுப்பறவன் என்ன பண்ணுவான்? அதே மாஸ்டா ஸ்டீரியோவுல யூஎஸ்பி சொருகி ரூட் எடுக்கற ஓட்டைங்க இருக்குன்னு 2024 நவம்பர்ல ஜீரோ டே இனிஷியேட்டிவ்-ங்கற, செக்யூரிட்டி ஓட்டைங்கள வெளியிடற அமைப்பு சொன்னாங்க. வேலே பார்க்கிங்ல சாவிய குடுத்துட்டுப் போறவங்க யோசிச்சுக்கங்க.

ஸ்கோடா சூப்பர்ப்-ல இருக்கற ஸ்டீரியோவுல 12 ஓட்டைன்னு 2024 டிசம்பர்ல பிசிஆட்டோமோட்டிவ்-ங்கற டீம் சொன்னாங்க. ப்ளூடூத் ரேஞ்சுல, ஒரு பத்து மீட்டர் பக்கத்துல நின்னாப் போதும், பாஸ்வேர்டு எதுவும் வேணாம், உள்ள பேசறத மைக்ல ரெக்கார்ட் பண்ணலாம், வண்டி எங்க இருக்குன்னு பாக்கலாம். கான்டாக்ட்ஸ் அங்கயும் என்கிரிப்ட் பண்ணாமதான் கெடந்துச்சாம். அட, அத்தன லட்சம் போட்டு வாங்கறவனுக்கும் 9,500 போட்டு வாங்கின எனக்கும் இந்த ஒரு விஷயத்துல சமத்துவம்.

ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு, நான் பிராண்ட் ஸ்டீரியோ பக்கம் சாயறதுக்குக் காரணமும் அதுதான். ஸ்கோடால ஓட்டை கண்டுபிடிச்சவங்க அதோட தாய் கம்பெனி ஃபோக்ஸ்வேகனுக்கு சொன்னாங்க, அவங்க பேட்ச் பண்ணாங்க. ஜீப்ல சொன்னாங்க, ரீகால் நடந்துச்சு. சொல்றதுக்கு ஒரு அட்ரஸ் இருக்கு. 2024 ஜனவரில டோக்கியோல பவுன்டுஓன் ஆட்டோமோட்டிவ்னு ஒரு போட்டி மொத தடவ நடந்துச்சு, கார் சம்பந்தப்பட்ட சாமான ஹேக் பண்ணிக் காட்டினா காசு. யாருக்கும் தெரியாம இருந்த 49 ஓட்டை, 13 லட்சம் டாலருக்கு மேல பரிசு. நம்ம ஊர்லயும் பேர் தெரிஞ்ச சோனி, பயனியர், ஆல்பைன் ஸ்டீரியோக்கள் டேபிள் மேல இருந்துச்சு. எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா, அந்த ஓட்டை எல்லாம் மொதல்ல கம்பெனிக்குத்தான் போகும், சரி பண்ண டைம் குடுத்துட்டு அப்பறம்தான் வெளில வரும். என் பேரில்லாத டப்பாவ அந்த டேபிள்ல யாரும் வைக்க மாட்டாங்க, வெச்சாலும் முடிவ யாருக்கு கூரியர் பண்றது?

பிராண்டுன்னா கண்ண மூடிட்டு நம்பலாம்னும் சொல்ல மாட்டேன். அந்தப் போட்டில ஆல்பைன் ஹேலோ 9-ல கண்டுபிடிச்ச ஓட்டைக்கு ஆல்பைன் குடுத்த பதில் என்ன தெரியுமா? கார் சைபர் செக்யூரிட்டிக்கான தரமான ஐஎஸ்ஓ 21434-படி ஆராய்ஞ்சு பாத்தோம், இது "ரிஸ்க்க பகிர்ந்துக்கற" வகைல வருது, பேட்ச் விடாம இப்ப இருக்கற சாஃப்ட்வேரயே தொடரப் போறோம்னு. ரிஸ்க்க பகிர்ந்துக்கறதாம்ல! லாபத்த என்னிக்காவது பகிர்ந்திருக்கீங்களாய்யா?

சட்டம் இருக்கேன்னு கேப்பீங்க. ஐரோப்பால 2024 ஜூலைல இருந்து விக்கற புது வண்டிக்கெல்லாம் ஐநா-வோட ஆர்155 விதிப்படி சைபர் செக்யூரிட்டி ஏற்பாடு இருந்தாகணும், இங்கயும் ஏஐஎஸ் 189-ன்னு அதே மாதிரி எழுதிருக்காங்க. ரெண்டுமே கார் செய்யற கம்பெனிக்கு. ஜிபி ரோட்ல ஃப்ரேமோட வாங்கி மாட்டற டப்பாவ அது தொடாது.

ஏற்கனவே மாட்டிட்டவங்களுக்கு, நான் இப்ப எப்டி ஓட்டிட்டு இருக்கேன்னு சொல்றேன். ஸ்டீரியோவுல கூகுள் அக்கவுண்ட்ட எடுத்துட்டேன், பிளே ஸ்டோருக்குன்னே தனியா ஒரு வெத்து ஐடி, அதுல மெயில் கிடையாது, கார்டு கிடையாது. கான்டாக்ட்ஸ் சிங்க் ஆஃப், ப்ளூடூத் வெறும் காலுக்கு மட்டும். பழைய கான்டாக்ட்ஸ் ஃபைல் போகறதுக்கு ஃபேக்டரி ரீசெட் போட்டோம், போச்சான்னு ஃப்ரெண்ட் திரும்ப லேப்டாப் மாட்டிப் பாத்து உறுதி பண்ணான், உங்களுக்கு அந்த வசதி இல்லன்னா மொதல்லயே ஏத்தாம இருக்கறது நல்லது. மேப்பு, பாட்டு எல்லாம் போன் ஆப்ப கார் ஸ்க்ரீன்ல காட்டற ஆண்ட்ராய்டு ஆட்டோ வழியா கேபிள்ல, அப்ப ஆப்பும் லாகினும் போன்லயே இருக்கும், ஸ்டீரியோவுக்கு வர்றது பெரும்பாலும் படமும் சத்தமும்தான். வைஃபை நிரந்தரமா ஆஃப், ஹாட்ஸ்பாட்டோட சேக்கறதே இல்ல, அதனால அந்த 5555 கதவு தொறந்திருந்தாலும் தெருவுல இருந்து யாரும் தட்ட முடியாது. டெவலப்பர் ஆப்ஷன்ல போயி அத ஆஃப் பண்ணிப் பாத்தோம், வண்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணா திரும்ப தொறந்துக்குது. யூடியூப்ல படம் பாத்துட்டே ஓட்டற வசதி போச்சேன்னு யாராவது சொன்னா, அது போனதே நல்லது.

பழைய கார் வாங்கறவங்க, விக்கறவங்க இன்னொண்ணு பாருங்க. ஆர்சி புக்கு, இன்சூரன்ஸ், டயர் எல்லாம் செக் பண்ணுவோம், ஸ்டீரியோவ யாரும் பாக்க மாட்டோம். செகண்ட் ஹேண்ட் வண்டில ப்ளூடூத் லிஸ்ட்ட தொறந்து பாருங்க, பழைய ஓனர் வீட்ல யார் யார்கிட்ட என்னென்ன போன் இருக்குன்னே தெரியும், "சேவ்டு பிளேசஸ்"ல அவர் வீடு, ஆபீஸ், பையன் ஸ்கூல். ட்ராவல்ஸ் வண்டி வாடகைக்கு எடுத்தா இன்னும் மோசம், சார்ஜ் போடறேன்னு யூஎஸ்பி சொருகும்போது போன் கேக்கற கேள்விக்கெல்லாம் அலவ் அழுத்தாதீங்க.

மார்க்குன்னு கேட்டா ஸ்டீரியோவா 5-க்கு மூணரை, ரிவர்ஸ் கேமராவுக்காக. கம்ப்யூட்டரா பாத்தா ஒண்ணு, அதுவும் பூஜ்யம் குடுக்க மனசு வரல. இப்ப அப்பாவோட வேகன்ஆருக்கும் ஒண்ணு போடணும், ஆண்ட்ராய்டே உள்ள இல்லாம, போன் சொருகினா கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ மட்டும் ஓடற சாதா பிராண்ட் ஸ்டீரியோ, கம்பெனி சைட்ல ஃபர்ம்வேர் அப்டேட் ஒழுங்கா போடறவங்களா இருக்கணும், 15 ஆயிரத்துக்குள்ள. கேமரா வேணும்னு அப்பா கண்டிப்பா சொல்லிட்டார். அப்டி எதாவது மாட்டிருக்கறவங்க மாடல் நம்பர், கடைசியா அப்டேட் எப்ப வந்துச்சு, ரெண்டையும் கமென்ட்ல போடுங்க.